தோசைக்கல்லில் அகரம்

ஜமீன்தார் மகள் வல்லிக்கு ஏழு வயசாகியும் ஓர் எழுத்துகூட வாசிக்க வரவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த பண்டிதர் சபாரத்தினம் பிரம்பைத் தட்டித் தட்டிக் கத்துவார். ஓலையைக் கண்டதுமே குழந்தை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். பக்கத்தில் பாத்திரம் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி செவந்திக்குத்தான் எழுத்தெல்லாம் அத்துப்படியானது.

அப்புறம் செவந்தியைச் சமையலுக்கு மாற்றினார்கள். அவள் மாவை எழுத்து எழுத்தாகக் கல்லில் ஊற்றினாள். வாசித்தால்தான் வல்லிக்குத் தோசை. 'அ'வை விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள், தின்றாள். அடுத்த 'அ'வுக்குப் பக்கத்தில் 'ம்', 'மா' வந்து உட்கார்ந்ததும் "அம்மா!" என்று கத்திவிட்டு அதையும் தின்றாள். ஆடி முடிவதற்குள் ஓலையையே எடுத்துப் படித்தாள்.

பண்டிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஜமீன்தாரிடம் போனார்.

"கலைமகளைக் கல்லில் போட்டுச் சுட்டிருக்கிறாள்! துரத்துங்கள் இவளை!"

ஜமீன்தார் செவந்தியைக் கூப்பிட்டார். "தின்கிற பொருளில் எழுதியது குற்றமாம். பதில் இருந்தால் சொல். இல்லையென்றால் மூட்டையைக் கட்டு."

செவந்தி கையைத் துடைத்துக்கொண்டாள். "எசமான், விஜயதசமி அன்னிக்குப் பண்டிதர் சாமிதான் தாம்பாளத்துல அரிசியைப் பரப்பி, பாப்பா விரலைப் பிடிச்சு 'அ' போட வச்சாரு. நான் அந்த அரிசியோட கொஞ்சம் உளுந்து சேர்த்து அரைச்சேன், அவ்வளவுதான்."

 

ஜமீன்தார் பண்டிதருக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.

"பண்டிதரே, உமக்கு எந்த எழுத்து ஊற்றச் சொல்லட்டும்?"