வட்ட வலைக்காரியின் முட்டைப் பை

ஒரு காட்டில், ஓடைக்கரைப் புதரில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. சக்கரம் போல வட்டமான வலை. நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். அதை வைத்தே எல்லோரும் அதன் வீட்டை அடையாளம் சொல்வார்கள். அந்தக் கரையில் வட்ட வலை கட்டும் சிலந்தி அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

பக்கத்து மரத்தில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. புல்லும் பட்டையும் சேர்த்தாயிற்று. கூட்டைக் கிளையில் ஒட்டித் தொங்கவிட நூல்தான் இல்லை. புல்தரைச் சிலந்தியின் வலையில் பசை கிடையாது. மரப்பொந்துச் சிலந்தியின் வலையோ ஒரே தூசி. சிட்டு ஓடைக்கரைக்குப் பறந்து வந்தது.

"அக்கா, உன் வலையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா?"

"முழுவதையும் எடுத்துக்கொள். எனக்கு இனி வலை வேண்டாம்," என்றது சிலந்தி. அதன் குரல் மெலிந்திருந்தது. "அந்த இலைக்கு அடியில் தொங்கும் பையைப் பார். என் முட்டைகள். மழைத் தண்ணீர் நுழையாதபடி இறுக்கி நெய்திருக்கிறேன். குஞ்சுகளைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். எங்கள் குலத்தில் அப்படித்தான். நீ கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா?"

"நான் சிலந்தி தின்னும் பறவை. என்னிடமா கேட்கிறாய்?"

"உன்னைக் கண்டால் முட்டைகளைத் தின்ன வரும் குளவி கிட்ட வராது. வாக்குக் கொடு, அது போதும்."

சிட்டு மனதாரத்தான் வாக்குக் கொடுத்தது. மறுநாள் சிலந்தி செத்துக் கிடந்தது.

சிட்டு வலையை எடுத்துக் கூடு கட்டியது. பையை நெருங்கிய குளவிகளை விரட்டவும் செய்தது. கூட்டு வாசலுக்கு மேலே கூரை மட்டும் பாக்கி இருந்தபோது நூல் தீர்ந்துவிட்டது. சிட்டின் கண் பையின் மேல் போனது.

"அது நமக்குக் கொடுத்த நூல் இல்லையே," என்றது அதன் இணையான ஆண் சிட்டு.

"ஒரே ஓர் இழைதானே. இவ்வளவு தடித்த பையில் அது குறைந்தால் யாருக்குத் தெரியும்?"

ஒன்றை எடுத்த அலகு சும்மா இருக்குமா? கூரைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று என்று தினமும் எடுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் இழைதான்.

ஒருநாள் பெருமழை பெய்தது. மழை விட்டதும் சிட்டு போய்ப் பார்த்தது. பை கிழிந்து தொங்கியது. முட்டைகளை எல்லாம் தண்ணீர் அடித்துப் போயிருந்தது.

"அக்கா, நான் வேண்டுமென்று செய்யவில்லை," என்று அழுதது சிட்டு. கேட்கத்தான் யாரும் இல்லை.

அந்த வருடம் சிட்டின் குஞ்சுகள் நல்லபடியாக வளர்ந்து பறந்து போயின.

அடுத்த வருடம் சிட்டு மறுபடியும் நூல் தேடி அலைந்தது. கரை முழுவதும் பார்த்தும் ஒரு வட்ட வலைகூட இல்லை. வேறு வழியில்லாமல் புல்தரை வலையின் நூலை வைத்துக் கட்டியது. இரண்டு முட்டையிட்டு அடைகாத்தது.

ஒருநாள் பலத்த காற்று அடித்தது. பசையில்லாத நூல் நழுவி, கூடு முட்டைகளோடு ஓடையில் விழுந்தது. சிட்டு கரையோரமாகவே கத்திக்கொண்டு பறந்தது. தண்ணீர் நிற்காமல் கூட்டைக் கொண்டு போய்விட்டது.

நீதி: நம்பி ஒப்படைத்ததில் ஓர் இழை எடுப்பதும் முழுவதையும் எடுப்பதும் ஒன்றுதான்.