பச்சை விளக்கு எரிந்தது

"பூஜ்யம்னுதானே பதில் வந்துது, மேடம்? பூஜ்யம்னா பிழை இல்லைன்னு அர்த்தம். அப்புறம் நான் எப்படிக் குற்றவாளி?"

மாசிலாமணி வாசலிலேயே கேட்டுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் கணினி எதை நினைவில் வைக்கும், எதை மறக்கும் என்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் ஒரு தடவை முறைத்ததில், செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்று எழுந்து கல்யாணப் போட்டோ அத்தனையையும் கக்கியதாகத் தென்காசிப் பக்கம் சத்தியம் செய்வார்கள். சத்தியம் செய்பவர்களில் அந்த மாப்பிள்ளையும் ஒருவர்.

"உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னார்.

கடலுக்குப் போகும் படகுகள் தாம் இருக்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பும். கரையில் ஒரு பெட்டி. அதற்குள் ஓடுவது மாசிலாமணி எழுதிய நிரல். வந்த தகவல் முதலில் நினைவகத்தில் நிற்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஆகவே அதை டிஸ்க்கில் எழுதச் சொல்லி நிரல் கட்டளை போடும். எழுதி முடியும்வரை காத்துக் கிடக்காது, அடுத்த படகைக் கவனிக்கப் போய்விடும். கட்டளையை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு பூஜ்யம் வரும்.

பூஜ்யம் வந்ததும் படகில் பச்சை விளக்கு எரியும்.

புயலன்று லூர்துவின் படகில் எஞ்சின் நின்றுபோனது. இருக்கும் இடத்தை அனுப்பினான். பச்சை விளக்கு எரிந்தது.

"கரைக்குத் தெரிஞ்சாச்சுல. நங்கூரத்தப் போடு, வருவாங்க" என்றானாம். படகு கவிழ்ந்தபின் காலி கேனைப் பிடித்துக்கொண்டு கரையேறிய கூட்டாளி சொன்னது.

அதே நிமிடம் கரையில் மின்கம்பம் சாய்ந்தது. பெட்டி மறுபடி உயிர்பெற்றபோது லூர்து சொன்ன இடம் அதில் இல்லை. அதற்குமுன் பதிவாகியிருந்த பழைய இடத்தில் தேடினார்கள். மூன்று நாள். லூர்து கிடைக்கவில்லை.

உலகம்மை உள்பக்கம் திரும்பினாள். "ஏங்க, ரெண்டு டீ!"

"சரி!" என்றது கணவரின் குரல்.

அவள் வெறுங்கையை உதட்டருகே கொண்டுபோய் ஒரு மிடறு உறிஞ்சினாள். "நல்லாருக்கு. நீங்களும் குடிங்க."

"டீ இன்னும் வரலையே, மேடம்."

"அதான் 'சரி'ன்னு குரல் வந்துச்சே."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதி முடிஞ்சுதான்னு டிஸ்க்கைத் திரும்பப் போய்க் கேக்க வழி இருந்துது" என்றார். "நான் கேக்கவே இல்ல."

"லூர்து சம்சாரம்?"

"பிரகாசி. மன்னிப்புக் கேட்டு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். வாங்கிக்கிட்டதா அட்டை வந்துது. கையெழுத்தோட."

டீ வந்துவிட்டது. குரு அதைத் தொடவில்லை. மறுபடி வெறுங்கையை உயர்த்தி, ஒரு மிடறு உறிஞ்சினாள்.

மாசிலாமணி எழுந்து போய்க் கடற்கரைப் பஸ்ஸைப் பிடித்தார்.

பிரகாசி வாசலில் பழைய வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா அந்தப் பச்சை விளக்கை எரியவெச்சவன். என் கடுதாசி..."

"கையெழுத்துப் போட்டு வாங்குனேன். பிரிக்கல."

அவள் மறுபடி வலையை உதறத் தொடங்கினாள்.

மறுநாளும் போனார்.

"பிரிச்சீங்களாம்மா?"

"இன்னும் இல்ல."

அவர் ஊர் திரும்பவில்லை. பக்கத்தில் ஓர் அறை பிடித்துத் தங்கினார். தினமும் போய் நின்றார், தினமும் கேட்டார்.

"வேற சோலி இல்லையா உமக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இதான் சோலி. விட்டுப்போன சோலி."

ஒன்பதாம் நாள் பிரகாசி உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒட்டிய பசைகூட விடவில்லை. அவர் கேட்பதற்குமுன், லூர்து போன கடலைப் பார்த்தபடி அவள் கேட்டாள்.

"அவிய வந்துட்டாவளா?"

மாசிலாமணியின் வாய் எதையோ சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டார். திரும்பிக் கடலைப் பார்த்தார். ஒரு படகு விடாமல் பார்த்தார். வானம் கடலைத் தொடும் இடம்வரை பார்த்தார்.

"இன்னும் இல்லம்மா."

பிரகாசி உறையின் ஓரத்தைக் கிழித்தாள்.