நட்ட நடுப்பகலில் வீடு மாறியவர்கள்

நாரை பேசும், நண்டு எதிர்த்துப் பேசும் என்று இருந்த அந்தக் காலத்தில், கடலுக்கு நடுவே ஐந்து தீவுகள் சேர்ந்த ஒரு குட்டி நாடு இருந்தது. அங்கே மனிதர்கள் கொஞ்சம், சங்கு நண்டுகள் ஏராளம். செத்த நத்தையின் ஓட்டைத் தேடிப் பிடித்து, அதையே வீடாக முதுகில் சுமந்து திரியுமே, அந்த நண்டுதான்.

முதலில் ஐந்து தீவிலும் பரவலாகத்தான் இருந்தார்கள். பிறகு பெரிய தீவில் ஒரு படகுத்துறை வந்தது. மீன் குடல், தேங்காய்ச் சக்கை, சோற்றுப் பருக்கை என்று விடிந்தால் அங்கே விருந்துதான். சும்மா பார்க்கப் போன ஒரு நண்டு கொழுத்துத் திரும்பி வந்து பீற்றிக்கொண்டது. அவ்வளவுதான். மிதந்த மட்டை, நெற்று என்று கிடைத்ததிலெல்லாம் தொற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். நாலு மழைக்காலம் கழிவதற்குள் நாட்டில் பத்து நண்டுக்கு ஒன்பது அந்த ஒரே கரையில் குடியிருந்தன. வயிற்றுக்குக் குறைவில்லை. வீடுதான் இல்லை. நத்தைகள் என்ன, இவர்கள் அவசரத்துக்குச் சாகவா செய்யும்?

அதற்கு மேல் ஒரு வறட்டு மானம் வேறு. சங்கு நண்டுக்கு முன்பக்கம் இரும்பு, பின்பக்கம் வெண்ணெய். அந்த மெத்தென்ற வயிற்றை இன்னொருவர் பார்த்துவிட்டால் குடியே முழுகிவிடும் என்று நினைப்பு. அதனால் உடம்பு வளர்ந்து வீடு பற்றாமல் போனால், தாழம்புதருக்குள் தனியாகப் போய் ஒளிந்து மாறிக்கொள்வார்கள். கழற்றிய பழைய ஓட்டை மணலைத் தோண்டிப் புதைத்தும் விடுவார்கள். ஆளில்லாத தீவில் இந்த நாசூக்கெல்லாம் நடக்கும். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிற இடத்தில் நடக்குமா?

சிவப்பிதான் மாட்டிக்கொண்டாள். தோலுரித்து ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். மூன்று நாளாக வயிறு பாதி வீட்டுக்கு வெளியே. இன்னும் ஒரு பகல் வெயில் பட்டால் காய்ந்து சாக வேண்டியதுதான். நாரை முந்திக்கொண்டால் அதுவும் இல்லை.

அந்த நாரை காலையிலிருந்தே அவளைச் சுற்றி நடை பயின்றுகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, வீடு கிடைச்சுதா? எங்கிட்ட ஒண்ணு காலியா இருக்கு. கொஞ்சம் இருட்டு, ஆனா கதகதன்னு இருக்கும்."

"வாசல் உன் தொண்டையிலதானே? வேற ஆளைப் பாரு போ."

பக்கத்து வீட்டுப் பூரணி கிட்டே வந்து கிசுகிசுத்தாள். இவள் சிவப்பியைவிட ஒரு சுற்றுப் பெரியவள். இவள் வீடும் பிதுங்கிக்கொண்டுதான் இருந்தது. "பேசாம நம்ம தீவுக்கே திரும்பிடலாமா சிவப்பி? அங்க ஓடு கேட்பாரில்லாம கிடக்கு."

"போய்? ஓட்டைக் கடிச்சுத் தின்னவா? போறதுன்னா நீ போ."

உச்சி வேளையில் கடல் வற்றியபோது, அலை ஒரு பெரிய வெறும் சங்கைக் கரையில் உருட்டிவிட்டுப் போனது. கரையே ஓடியது. எல்லாரையும் தள்ளிக்கொண்டு, இருப்பவர்களிலேயே பெரியவரான அண்ணாச்சி அதன்மேல் கொடுக்கைப் போட்டார்.

"இது எனக்குத்தான் சரியா இருக்கும். வழி விடுங்க, நான் தாழைக்குக் கொண்டு போறேன்."

"பழைய வீட்டை என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்றாள் சிவப்பி.

"இதென்ன கேள்வி? புதைப்பேன். மானம் மரியாதையோட வாழ்ந்த குடும்பம் எங்களுது."

சிவப்பி ஒரு பார்வை பார்த்தாள். அண்ணாச்சியின் வீடு பூரணிக்கு அளவெடுத்த மாதிரி. பூரணியுடையது தனக்கு. தன்னுடையது, ஓடே கிடைக்காமல் சிரட்டைத் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்ற ஒரு சின்னப் பிள்ளைத்தாய்ச்சிக்கு.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். பெரியவங்க முன்னால, சின்னவங்க பின்னால, எல்லாரும் வரிசையா நில்லுங்க. நீங்க இங்கயே மாறுங்க. நீங்க விட்டதுல பூரணி, பூரணி விட்டதுல நான், என்னுதுல அந்தப் பொண்ணு. ஒரு சங்குல நாலு பேருக்கு வீடு."

"இங்கயா? பட்டப்பகல்லயா? இத்தனை பேர் முன்னாலயா?" அண்ணாச்சியின் கண்காம்பு இரண்டும் விறைத்தன. "நல்லா இருக்கே நியாயம்! அவ்வளவு தைரியம்னா நீ முதல்ல வெளிய வா, பாப்போம்."

கரை கொல்லென்று சிரித்தது.

சிவப்பிக்குப் பொறுமை என்பது என்றைக்குமே கிடையாது. ஒரே உதறு. வீட்டைக் கழற்றிவிட்டு, வெண்ணெய் வயிறு வெயிலில் மின்ன, மணலில் வந்து நின்றாள்.

சிரிப்பு நின்றது. பிள்ளைத்தாய்ச்சி நொடிகூட யோசிக்கவில்லை. சிரட்டையை வீசிவிட்டுச் சிவப்பியின் வீட்டுக்குள் புகுந்துவிட்டாள். இனிச் சிவப்பி திரும்பிப் போக இடமில்லை.

"பார்த்தாச்சா? வயிறுதான். உங்க எல்லாருக்கும் இருக்கிற அதே வயிறுதான். இப்ப மாறுறீங்களா, இல்ல நான் சாகட்டுமா?"

நாரை இறக்கையை விரித்தே விட்டது. அதன் நிழல் மணலில் ஓடி வந்து சிவப்பியின்மேல் விழுந்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க!" என்று அலறிக்கொண்டு அண்ணாச்சி வெளியே குதித்தார். ஒருவரும் மூடவில்லை. அவர் புதுச் சங்கில் விழுந்த வேகத்தில் பூரணி அவர் வீட்டில் விழுந்தாள். பூரணியின் வீட்டுக்குள் சிவப்பி பின்பக்கமாகப் பாய்ந்து, கொடுக்கால் வாசலை அடைத்தாள்.

டக்.

நாரையின் அலகு ஓட்டில் பட்டு வழுக்கியது. இன்னொரு முறை கொத்திப் பார்த்தது. பிறகு, ஏதோ வேறு வேலையாக வந்தது போலத் தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டது.

உள்ளே சிவப்பி மூன்று நாளுக்குப் பிறகு முதன்முறையாக வயிற்றைத் தளர்த்தினாள். இடம் தாராளமாக இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அது ஓட்டுக்குள் சுற்றிச் சுற்றிக் கேட்டது.

"சிவப்பி, இருக்கியாடி?" பூரணி ஓட்டைத் தட்டினாள்.

"இருக்கேன், இருக்கேன். கத்தாதே. நீ என்ன, வீட்டை ஒருநாளும் பெருக்கவே மாட்டியா? ஒரே மணல்."

பூரணி சிரித்தாள். அண்ணாச்சியும், புதுச் சங்குக்குள்ளிருந்தே, லேசாகச் செருமினார். "எனக்கு இதுல காத்தோட்டம் நல்லா இருக்கு," என்றார். மானம் எங்கேயும் ஓடிப்போகவில்லை.

கடற்கரையில் ஒரு வெறும் சங்கு ஒதுங்கினால், சங்கு நண்டுகள் பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசை கட்டி நின்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டப்பகலிலேயே வீடு மாறிக்கொள்வது அன்று முதல்தான்.