கிணற்றுக்குக் குறுக்கே ஒரு ரோடு

மிட்டாதார் தன் புதுக் காருக்காகப் போட்ட ரோடு, ஊருக்கும் ஊர்க்கிணற்றுக்கும் நடுவே போயிற்று. நடந்தால் சரளை கலையுமாம். "ஒருத்தரும் ரோட்டில் கால் வைக்கக் கூடாது" என்று தமுக்கு அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாவாயி ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் அரை மைல் சுற்றி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் குனிந்து போய் வந்தாள்.

ஒரு சித்திரை மதியம் அந்தக் கார் ஊருக்கு நேரே கொதித்துப் புகை கக்கி நின்றது. மிட்டாதார் இறங்கினார். டிரைவர் அவருக்குக் குடை பிடித்தான்.

"ஏ புள்ளே, காருக்குத் தண்ணி கொண்டா" என்றார், வெறுங்குடத்தோடு ஓரமாய் நின்ற பாவாயியிடம்.

"பாலத்தைச் சுத்திப் போயிட்டு வரேனுங்க. எசமான் அதுவரைக்கும் வெயில்ல நிக்கோணும்."

"குறுக்கே போ."

"கால் வைக்கக் கூடாதுன்னு எசமான் உத்தரவுங்க."

"இப்ப நான்தானே சொல்றேன்?"

"இன்னைக்குச் சொல்றீங்க. நாளைக்கு எங்க வீட்டுச் சோத்துக்குத் தண்ணி எடுக்கக் குறுக்கே போனா, கட்டி வெப்பாங்களே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டீங்கன்னா, நிமிசத்துல வந்துருவேனுங்க."

காரைப் பார்க்கக் கூடியிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். மிட்டாதார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "போங்க. எல்லாரும் எப்பவும் குறுக்கேயே போய்த் தொலைங்க."

வழி கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டே வருஷத்தில் அந்த ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஓட ஆரம்பித்தன. பேசிக்கொண்டே தண்ணீருக்குப் போன பெண்கள், ரோட்டோரம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்கள். அத்தனை சாமர்த்தியமாய்க் கேட்டு வாங்கிய வழியில், பாவாயியால் தன் சின்ன மகளின் கையை விட்டு ஒருநாளும் நடக்க முடியவில்லை.