கரடி சுட எடுத்துப்போன பூசணி

ஒரு காட்டில், யாரும் விதைக்காமல் தானே முளைத்த பூசணிக்கொடி ஒன்று இருந்தது. பூவெல்லாம் உதிர்ந்து போய், கடைசியில் ஒரே ஒரு காய்தான் தங்கியது. ஆனால் காயா அது! ஓர் ஆட்டுக்குட்டி சுருண்டு படுத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு பெரிது. நன்றாகப் பழுத்து, வெயில் பட்டால் மஞ்சளாய்ப் பளபளக்கும்.

அந்தப் பூசணிக்குள் குறுமணி என்ற சுண்டெலி குடியிருந்தது. மண்ணில் பதிந்திருந்த பக்கத்தில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே இலவம் பஞ்சை மெத்தையாக விரித்து, நான்கு குஞ்சுகளை ஈன்றிருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. மழை பெய்தால் ஒழுகாத வீடு. பசித்தால் சுவரையே கொஞ்சம் கொறித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வீடு வேறு யாருக்குக் கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள்!

ஒரு நாள் காலையில் குறுமணி தினைக்கதிர் பொறுக்கப் போயிற்று. வாய் நிறையக் கதிரோடு திரும்பி வந்து பார்த்தால், வீட்டைக் காணோம்!

கொடி அறுந்து கிடந்தது. பூசணி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. குறுமணியின் வாயிலிருந்த கதிர் பொத்தென்று கீழே விழுந்தது.

பக்கத்துப் பாறையில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதால், காட்டில் எல்லோரும் அதை ஆமாஞ்சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓணான் மாமா! என் வீடு எங்கே?" என்று அலறியது குறுமணி.

"மொத்தையன் கரடி தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான்" என்றது ஆமாஞ்சாமி.

"ஐயோ! உள்ளே என் குஞ்சுகள் இருப்பது உனக்குத் தெரியுமே மாமா! அவனிடம் சொல்லவில்லையா?"

"அதை அவன் கேட்கவில்லையே! 'நல்ல பூசணிதானே?' என்று கேட்டான். நல்ல பூசணிதானே அது? தலையாட்டினேன்."

"எதற்காக எடுத்துப் போகிறானாம்?"

"வீட்டில் பூசணி அடை செய்யப் போகிறானாம். பூசணியை முழுசாகத் தணலில் போட்டுச் சுட வேண்டுமாம். பிறகு சதையை மசித்து, தேன் விட்டுப் பிசைந்து, தினைமாவுக்குள் வைத்து மூடி வேகவைக்க வேண்டுமாம். 'அடை நன்றாக வருமா?' என்றான். அதற்கும் தலையாட்டி வைத்தேன்."

முழுசாகத் தணலில் போட்டுச் சுடுவதா!

"அட பாவி மாமா! வா என்னோடு. நீதான் எனக்குச் சாட்சி!" என்று கத்திக்கொண்டே குறுமணி ஓடியது. ஆமாஞ்சாமியும் தலையாட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடியது.

கரடியின் குகை வாசலில் ஒரு குழி. குழிக்குள் விறகு எரிந்து அடங்கி, தணல் செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. குழியின் விளிம்பில் பூசணி உட்கார்ந்திருந்தது. மொத்தையன் ஒரு தேக்கிலையில் தினைமாவைப் பிசைந்துகொண்டிருந்தது. முழங்கை வரைக்கும் மாவு, மூக்கு நுனியிலும் மாவு.

நல்ல வேளை, இன்னும் சுடவில்லை! குறுமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கரடியண்ணே! கரடியண்ணே! அந்தப் பூசணியைச் சுடாதே! உள்ளே என் குஞ்சுகள் இருக்கின்றன!"

மொத்தையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்துவிட்டாயா? அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னாலேயே பங்கு கேட்க ஓடி வருகிறாயே! ஒரு துண்டுகூடக் கிடையாது."

"பங்கு கேட்கவில்லை அண்ணே! என் குழந்தைகள்! கண் திறக்காத பச்சைக் குழந்தைகள்!"

"ஓகோ! உனக்குப் போதாதென்று குழந்தைகளுக்கும் வேறு வேண்டுமாக்கும்? என் ஒரு வயிற்றுக்கே இது காணுமோ காணாதோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். போ, போ!"

கேட்டீர்களா அநியாயத்தை! குறுமணி திகைத்துப் போய் ஓணானைப் பார்த்தது.

"மாமா, நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்! உள்ளே என் குஞ்சுகள் இருப்பது உண்மைதானே?"

ஆமாஞ்சாமி தலையாட்டியது.

"பங்குக்காக இவள் புளுகுகிறாள், அப்படித்தானே?" என்றது கரடி.

ஆமாஞ்சாமி அதற்கும் தலையாட்டியது!

மொத்தையன் எழுந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளியது. பூசணி உருண்டு தொம்மென்று குழிக்குள் விழுந்தது.

உள்ளேயிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் குறுமணிக்குக் கேட்டது. ஓணானுக்கும் கேட்டது. கரடிக்கும் கேட்காமல் இல்லை. "ஆகா, கேட்டாயா? அதற்குள் சூடேறிச் சத்தம் போடுகிறது. அருமையான பூசணி!" என்று நாக்கைச் சப்புக்கொட்டியது.

குறுமணிக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆயிற்று. ஓடிப் போய்க் கரடியின் காலில் விழுந்தது. கதறியது. குதிகாலைக் கடித்துக்கூடப் பார்த்தது. மொத்தையனோ, கொசு கடிக்கிறது என்று காலை உதறிவிட்டு, பூசணியைத் தணலால் மூடுவதற்கு ஒரு நீளமான கொம்பை எடுத்தது.

அழுதுகொண்டிருந்த குறுமணி சட்டென்று நிறுத்தியது. 'இவனுக்குக் காது இல்லாமல் இல்லை. எதைச் சொன்னாலும் நேரே வயிற்றுக்குப் போய்விடுகிறது. சரி, அங்கேயே போய்த் தட்டுவோம்' என்று நினைத்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு கலகலவென்று சிரித்தது.

"நன்றாகச் சுடு அண்ணே, நன்றாகச் சுடு! வெறும் தோலைச் சுட்டுத் தின்கிற யோகம் உனக்குத்தான் வாய்த்திருக்கிறது."

கொம்பு அப்படியே நின்றது. மொத்தையன் முதல் முறையாகத் திரும்பிக் குறுமணியைப் பார்த்தது.

"என்ன சொன்னாய்?"

"ஒரு மாதமாக அந்தப் பூசணிக்குள் குடியிருப்பது யார் என்று நினைத்தாய்? சாட்சாத் நான்தான். விடிந்தால் ஒரு வாய், பொழுது அடைந்தால் ஒரு வாய். சதை முழுக்க என் வயிற்றில் இருக்கிறது. உன் அடைக்குள் எதை வைக்கப் போகிறாய்? காற்றையா?"

"ஐயையோ!"

அந்தக் கூச்சலில் குகை அதிர்ந்தது. "என் பூசணி! என் அடை!" என்று அலறிக்கொண்டு, மொத்தையன் இரண்டு கையையும் தணலுக்குள் விட்டுப் பூசணியை வாரி எடுத்தது. கை ரோமம் பொசுங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. அவசர அவசரமாகத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஓர் ஓட்டை!

"கொள்ளை போய்விட்டதே! என் வயிற்றில் அடித்துவிட்டாளே!" கரடியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஒரு பூசணிக்காக, குழந்தைகளே! ஒரு பூசணிக்காக!

பிறகு ஒரு விரலை ஓட்டைக்குள் விட்டு, ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தது. கெட்டியான மஞ்சள் சதை விரலோடு வந்தது. உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"பொய்க்காரி! சதை இரண்டு விரல் கனத்துக்கு அப்படியே இருக்கிறதே!" என்று சொல்லிக்கொண்டே, பூசணியை மறுபடியும் குழிக்கு மேலே தூக்கிப் பிடித்தது.

குறுமணிக்கு நெஞ்சு நின்றுவிட்டது. நாக்கு மட்டும் நிற்கவில்லை.

"சதை இருக்கட்டும் அண்ணே, விதை? கொழுகொழுவென்று உள்ளே இருக்கிறதே! பொன்னாக வறுத்து, தேனில் புரட்டி, மேலே தூவாத அடையும் ஓர் அடையா? அதையும் சேர்த்துக் கரியாக்கப் போகிறாயே, உனக்குச் சமைக்கவே தெரியாதா?"

மொத்தையனின் வாயில் எச்சில் ஊறியது. "அட, ஆமாம்! விதையை மறந்தேனே!"

பூசணியைக் கீழே வைத்தது. நகத்தால் ஓட்டையைப் பெரிதாக்கியது. கையை உள்ளே விட்டு, அடிவரை துழாவி, ஒரு கொத்தாக அள்ளி வெளியே எடுத்தது. விதை, நார், இலவம் பஞ்சு. அந்தப் பஞ்சின் மேலே, மொச்சைக் கொட்டை அளவில், இளஞ்சிவப்பாக நான்கு உருவங்கள்.

அதில் ஒன்று அசைந்தது. வாயைத் திறந்து 'கீச்' என்றது.

மொத்தையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பார்த்தது. தணலைப் பார்த்தது. குறுமணியைப் பார்த்தது. திறந்த வாய் மூடவே இல்லை.

"இது... இது என்ன?"

"என் குஞ்சுகள்."

"குஞ்சுகளா! இதற்குள்ளேயா! உயிரோடா!" கரடி அந்தக் கொத்தை மெல்லக் கீழே இறக்கி வைத்தது. "அடிப் பாவி! இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?"

குறுமணிக்கு அன்றைக்கு எத்தனையோ அதிர்ச்சி. ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது இதுதான். ஒவ்வொரு குஞ்சாகக் கவ்விக்கொண்டு போய், பாறை இடுக்கில் பத்திரமாக வைத்தது. வாயில் பிள்ளை இருந்தபடியால் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

மொத்தையன் கீழே உட்கார்ந்து, பஞ்சை ஊதித் தள்ளி, விதைகளைப் பொறுக்க ஆரம்பித்தது. பொறுக்கிக்கொண்டே ஓணானைக் கேட்டது:

"நீ இங்கேதானே இருந்தாய்? அவள் என்னிடம் ஒரு வார்த்தையாவது சொன்னாளா? சொல்லவில்லைதானே?"

ஆமாஞ்சாமி தலையாட்டியது.

நீதி: தன் வயிற்றையே நினைப்பவன் காதில் பிறர் அழுகை ஏறாது, அவனிடம் காரியம் ஆக வேண்டுமானால் அவன் வயிற்றைப் பற்றியே பேசு.