ராக்கியப்பனின் வசவு

வறட்டுக்கரை நாடு என்றால் சோளக்காடும் பனைமரமும் பாறைக் கரடுகளும்தான். ஆறு கிடையாது, கோட்டை கிடையாது. எந்த அரசனும் அதைப் பிடிக்கப் படையெடுத்து வந்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டில் இழவு விழுந்தாலும், கருமாதியன்று குன்றடி மடத்திலிருந்து ஒருவர் வருவார். போனவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகுதான் பந்தி.

மடத்துக்குத் தலைவி நாச்சியம்மை. அவருடைய சீடர் அம்பலவாணப் புலவர் அவரைவிட வயதில் மிகவும் மூத்தவர். பாளையத்து அரண்மனையில் அரசர்களின் பரம்பரைப் புகழைப் பாடிக்கொண்டிருந்தவர். அரண்மனை நொடித்துப்போனதும் மடத்துக்கு வந்து நாச்சியம்மையின் காலில் விழுந்தார். அம்மை அவரை எழுப்பிவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அன்றிலிருந்து புலவர் அங்கேயே இருக்கிறார்.

ஒரு தை மாதம் பழனாத்தாள் என்ற கிழவி இறந்தாள். கருமாதிக்குப் புலவரை அனுப்பினார் அம்மை.

புலவர் நன்றாகத்தான் பேசினார். கற்பில் அருந்ததி என்றார். பொறுமையில் பூமாதேவி என்றார். அவர் குரல் தெருக்கோடி வரை கேட்டது. பாதியில் பழனாத்தாளின் மகன் எழுந்து கும்பிட்டான்.

“சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க யாரைச் சொல்றீங்க?”

“உங்க அம்மாவைத்தான்.”

“எங்காத்தாளுக்குப் பொறுமையே கெடையாதுங்க. சோறு கொதிக்கிறதுக்குள்ள மூடியை நாலு தடவை தொறந்து பாப்பாங்க.”

கூட்டம் சிரித்தது. மகன் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. புலவர் சொல்ல வந்ததை முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

மடத்துக்குத் திரும்பியவர் நேராக அம்மையிடம் போனார்.

“அம்மா, இந்த வேலையை என்கிட்ட இருந்து எடுத்துடுங்க.”

“ஏன்?”

“அரண்மனையில ஒருத்தர் இறந்தா விடிய விடியப் பாடலாம். போர் இருக்கும், கொடை இருக்கும், கோயில் திருப்பணி இருக்கும். இங்கே என்னம்மா இருக்கு? பிறந்தாங்க, சோளம் விதைச்சாங்க, போயிட்டாங்க. இவங்களை எதைச் சொல்லி நினைக்கிறது?”

நாச்சியம்மை முறத்தில் இருந்த கொள்ளைப் புடைத்து முடித்தார்.

“மொட்டைப்பாறையில ராக்கியப்பன்னு ஒருத்தர் போயிட்டாராம். நாளன்னைக்குக் கருமாதி. நாளைக்கே கிளம்பலாம். நானும் வர்றேன்” என்றார்.

மொட்டைப்பாறை வீட்டு வாசலிலேயே ராக்கியப்பனின் மகள் வீராயி அவர்களை நிறுத்தினாள். முகம் வீங்கியிருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

“மடத்துல இருந்து வந்ததுக்கு நெம்ப சந்தோசமுங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா எங்கய்யனப் பத்தி யாரும் பேச வேண்டாமுங்க.”

“ஏன் அம்மிணி?” என்றார் அம்மை.

“எங்கய்யன் வாயி அப்படிங்க. இந்த ஊர்ல அவருகிட்ட வசவு வாங்காத ஆளே இல்லை. நல்லவருன்னு நீங்க சொன்னா ஊரு சிரிக்கும். கெட்டவருன்னு சொன்னா நான் நின்னு கேக்க முடியாது.”

“சரி அம்மிணி. நாங்க பேசலை.”

புலவருக்கு நிம்மதியாக இருந்தது. என்றாலும் பழக்கம் விடவில்லை. ஊருக்குள் போய் விசாரித்துப் பார்த்தார். “ராக்கியப்பன் என்ன செய்தார்?” என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்.

“என்னத்தச் செஞ்சாரு? காடு இருந்துச்சு, ஆடு இருந்துச்சு.”

“ஒண்ணுமில்லீங்க சாமி.”

“வாய் இருந்துச்சுங்க. அதுதான் அவரு செஞ்ச வேலை.”

வெயில் ஏறியதும் திரும்பி வந்தார். வீராயி வீட்டுக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கருமாதிச் சமையலுக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாச்சியம்மையும் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன கிடைச்சுது, புலவரே?”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க அம்மா.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“என்ன செய்தார்னு கேட்டேன்.”

அம்மை தலையாட்டினார். பிறகு கையில் இருந்த கடலையைப் பார்த்தபடியே, யாரிடம் என்றில்லாமல் கேட்டார். “ராக்கியப்பன் போயிட்டாரு. இனிமே இந்த ஊர்ல எது இல்லாமப் போகும்?”

கடலைத் தொலி உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“காலங்காத்தால வசவு இருக்காது” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

“எதுக்கு வைவாரு?” என்றார் அம்மை.

“எதுக்கில்லைன்னு கேளுங்க. மாட்டுக் கயிறு இறுக்கமா இருந்தா வைவாரு. ‘உன் கழுத்துல கட்டிப் பாருடி’ம்பாரு. அப்படியே அவுத்து, தளர்த்திக் கட்டிட்டுப் போவாரு.”

மறுபடியும் சிரிப்பு. செம்மாயி என்ற நரைத்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“நான் இந்த ஊருக்குக் கலியாணமாகி வந்த வருசம் சித்திரைல நல்ல வெயிலு” என்றாள். “எங்க மாமியா என்னைய உச்சி வெயில்ல தண்ணிக்கு அனுப்புவா. பாறை மேல வெறுங்காலோட நடக்கோணும். ஊரே பாக்கும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. ஒரு நாளு இவரு வந்து எங்கூட்டு வாசல்ல நின்னுட்டாரு. ‘ஏண்டி, அந்தப் புள்ளை காலு வெந்து கெடக்குது. உங்கூட்டுல செருப்பு இல்லியா, இல்ல மனுசரே இல்லியா’ன்னு கத்துன கத்துல தெருவே கூடிப்போச்சு. எங்க மாமியா உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.”

“அப்புறம்?”

“மறுநா காலைல வாசப்படியில ஒரு சோடி செருப்பு இருந்துச்சுங்க. எங்க மாமியாதான் வெச்சா.” செம்மாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்த மனுசன் மூஞ்சிய நான் ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல. எதுக்க வந்தா ஒதுங்கித்தான் போவேன். எனக்கும் பயந்தானுங்க.”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. வீராயி அங்கேதான் இருந்தாள். வெளியே வரவில்லை.

மறுநாள் கருமாதி. காரியங்கள் முடிந்தன. இலை போட்டாயிற்று. ஆனால் யாரும் பந்தியில் உட்காரவில்லை. மடத்துக்காரர்களைப் பார்த்தபடி நின்றார்கள். நாச்சியம்மை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். வீராயி தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

புலவர் எழுந்தார். வீராயியிடம் போனார்.

“தாயீ, உங்க அய்யனை எனக்குத் தெரியாது. அவரைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஊரை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டுமா?”

அவள் நாச்சியம்மையைப் பார்த்தாள். பிறகு புலவரைப் பார்த்தாள். மெல்லத் தலையசைத்தாள்.

புலவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “ராக்கியப்பன்கிட்ட வசவு வாங்காதவங்க யாராவது இருந்தா முன்னால வாங்க.”

ஒருவரும் வரவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது.

“அப்படின்னா சொல்லுங்க. எதுக்கு வஞ்சாரு?”

முதலில் மாரண்ணன் என்பவர் தொண்டையைச் செருமினார்.

“பஞ்சத்துல நாங்க குடும்பத்தோட ஊரை உட்டுப் போனமுங்க. எல்லை வரைக்கும் கூடவே வந்து வஞ்சாரு. ‘ஓடுகாலிப் பசங்களா, போங்கடா, திரும்பி வந்துறாதீங்க’ன்னாரு. போன எடத்துல கூலி வேலை செஞ்சோம். மழை பேஞ்சதுன்னு கேள்விப்பட்டுத் திரும்பி வந்தோம். ஊடு விழுந்திருக்கும்னுதான் வந்தோம். வந்து பாத்தா கூரை புதுசா வேஞ்சிருக்குது.”

“யார் வேஞ்சது?”

“இவருதான். ஏனுங்க மாமான்னு கேட்டேன். ‘கூரை விழுந்தா அந்தண்டை கட்டியிருக்கற என் ஆட்டு மேல விழும்டா, மடையா’ன்னாரு.” மாரண்ணன் நிறுத்தினார். “அந்த ஆட்டை வேற எடத்துல கட்டியிருக்கலாமுங்க. எடமா இல்ல?”

சிரிப்பும் மூக்கை உறிஞ்சும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

“எனக்கு ஒரு நல்லதும் பண்ணலைங்க” என்று ஒரு குரல் உரக்க வந்தது. கருப்பணன் என்ற ஆள், கொஞ்சம் கோபமாகவே முன்னால் வந்தான். “என் கலியாணத்துல வந்து சண்டை போட்டாரு. சாப்பாட்டுல உப்பில்லைன்னு அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னால என்னைய வஞ்சாரு. எனக்கு இன்னும் ஆறல. பொய் சொல்ல மாட்டேன்.”

கூட்டம் அடங்கியது. புலவர் திகைத்து அம்மையைப் பார்த்தார்.

“நீங்க சொல்றதும் வேணும் தம்பி” என்றார் நாச்சியம்மை. “உப்பு இருந்துச்சா, இல்லையா?”

கருப்பணன் கொஞ்சம் தயங்கினான். “இல்லீங்க. ஆனா அதை மெதுவாச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்” என்றார் அம்மை.

அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் ஆரம்பித்தார். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வைத்தியர் வீடு வரைக்கும் தாயை வைதுகொண்டே நடந்ததைச் சொன்னார்கள். கிணற்றில் எட்டிப் பார்த்த பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி வைததைச் சொன்னார்கள். அவரைப் போலவே கையை ஆட்டி ஒருத்தர் பேசிக் காட்டினார். இலையில் இருந்த சோறு ஆறிப்போனது. யாரும் கவலைப்படவில்லை.

வீராயி தூணை விட்டு நகர்ந்தாள். பேச்சு தானாக நின்றது.

“எங்கய்யன் என்னைய ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லைங்க” என்றாள். “கழுதைன்னுதான் கூப்பிடுவாரு. நான் சாப்பிடாமப் படுத்தா வந்து நின்னு வைவாரு. எந்திரிச்சுச் சாப்பிடற வரைக்கும் வைவாரு. எரிச்சலா வரும்.”

குரல் உடைந்தது. அவள் விடாமல் சொன்னாள்.

“அவரு போன அன்னைக்கு நான் சாப்பிடாமப் படுத்துட்டேனுங்க. யாரும் வையல.”

செம்மாயி போய் அவளைக் கட்டிக்கொண்டாள். “எந்திரிடி கழுதை, வந்து சோத்தத் தின்னு” என்றாள், அழுதுகொண்டே. வீராயி சிரித்தாள். அழுதாள். பிறகு பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் ஊர் உட்கார்ந்தது.

கிளம்பும்போது ஊரார் மடத்துக்கென்று ஒரு மூட்டை சோளம் கட்டிக் கொடுத்தார்கள். வீராயி அதன் மேல் கடலைக்காயையும் வைத்துக் கட்டினாள். வண்டி பூட்டித் தருகிறோம் என்றார்கள். புலவர் கேட்கவில்லை.

“நான் தூக்கறேன். எனக்குத் தூக்கணும்போல இருக்கு” என்றார்.

கரட்டைச் சுற்றிப் போகும் பாதை. மூட்டை கனம். பாதி வழியில் அவர் மூச்சு வாங்கினார். ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

“அம்மா, அரண்மனையில என் பாட்டைக் கேட்டு ஒருத்தரும் சோத்தை ஆறவிட்டதில்லை.”

அம்மை புன்னகைத்தார்.

“இன்னைக்கு எனக்கு அவர் மேல அப்படி ஒரு நன்றி வருது. நான் பார்க்காத மனுஷன். என்னை ஒரு வார்த்தை வையாத மனுஷன். ஏன்னு தெரியலை.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். “ஆனா ஒண்ணு உறுத்துது. வீராயி இருக்கிறவரை அவர் இருப்பார். செம்மாயி இருக்கிறவரை இருப்பார். அவங்களும் போன பிறகு? கல்வெட்டா இருக்கு, பாட்டா இருக்கு? இந்த நாட்டுல வாழ்ந்தவங்க எல்லாரும் அப்படியே அழிஞ்சுதானே போறாங்க?”

நாச்சியம்மை நடந்துகொண்டே இருந்தார்.

பாதை திரும்பும் இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில், ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோகும் பெண்ணின் நினைவாக அந்தப் பக்கத்தில் நடுகிற கல். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமைக்காக, வழிப்போக்கர் தங்கள் சுமையை இறக்கி வைக்க. புலவர் முதுகைத் திருப்பிச் சரிந்து மூட்டையை அதன்மேல் வைத்தார். “அப்பாடா” என்றார். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். ஓர் எழுத்தும் இல்லை.

“இது யாருக்கு வெச்ச கல்லும்மா?”

“தெரியாது.”

“ஊர்ல யாருக்காவது தெரியுமா?”

“எங்க குருவும் கேட்டுப் பாத்தாங்க. யாருக்கும் தெரியலை. வெச்சவங்க ஊரே இப்ப இல்லை.”

“பார்த்தீங்களா? அந்தப் பொண்ணு பேர் போச்சு. ஊர் போச்சு. இனி அவளை யார் நினைக்கிறது?”

நாச்சியம்மை நிழலில் உட்கார்ந்தார். காற்று வந்தது.

“உங்க தோள் இப்ப எப்படி இருக்கு, புலவரே?”