வராத சாவி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது குளோரி மதினி. போன லெந்து உபவாச நாட்களில், எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். அவர்கள் கண்ணெதிரே நடந்தது.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மைமூன் என்றொரு பெண் கார்ச் சாவிக் கடை வைத்திருக்கிறாள். முப்பது வயதுதான் இருக்கும். அவளிடம் தொழில் கற்றுக்கொள்கிறவர் சுடலைமணி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒருநாள் மதினியின் மூத்த மகன் ஜெபசிங் அந்தக் கடை முன்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். மதினி பின்சீட்டில் இருந்தார்கள்.

"புதுசா ஒரு சாவி போடணும்."

சுடலைமணி அவனுடைய சாவியைப் பார்த்து மெஷினில் ஒன்று வெட்டினார். கதவு திறந்தது. சாவி திரும்பியது. இன்ஜின் ஒரு உறுமல் உறுமி அப்படியே அணைந்தது. திரும்பவும் போட்டார். திரும்பவும் அணைந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சாவிப் படம் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பல்லெல்லாம் அச்சு அசலா இருக்கே வாத்தியாரம்மா. ஏன் அணையுது?"

"கதவுதான் பல்லைப் பாக்கும் அண்ணாச்சி. இன்ஜின் பாக்காது. சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்கு. அதை வண்டிக்குத் தெரிஞ்சாத்தான் ஓடும். திருடன் ஓட்டிட்டுப் போயிரக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

"திருடன் யாருன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?"

மைமூன் மேஜையில் ஒரு துணியை விரித்தாள்.

"இருக்கிற சாவியெல்லாம் இதுல வைங்க. எல்லாத்தையும் சேத்துத்தான் வண்டிக்குச் சொல்லிக் குடுக்கணும். இந்த வண்டி அப்படி. இன்னைக்கு வராத சாவியை மறந்துரும்."

ஜெபசிங் தன் சாவியை வைத்தான். சுடலைமணி புதுச் சாவியை வைத்தார்.

மைமூன் ஒரு கையடக்கப் பெட்டியைக் காரில் செருகிப் பார்த்தாள். "புதுசை விட்டுட்டு, ரெண்டு சாவி தெரியும்னு வண்டி சொல்லுது. இங்க ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"தொலைஞ்சு போச்சு."

"தொலையல," என்றார்கள் மதினி, பின்சீட்டிலிருந்து. "என் சின்னவன்கிட்ட இருக்கு."

ஜெபசிங்கின் முகம் சிவந்தது. "அதைத்தான் வண்டி மறக்கணும்கேன். சண்டை போட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. என்னைக்காவது வந்து காரைத் தூக்கிட்டுப் போயிருவான்."

"இதுவரைக்கும் தூக்கலையே," என்றார் சுடலைமணி.

"உமக்கென்னவே தெரியும்? சாவியை ஒழுங்கா வெட்டும்."

"நல்லாத்தான்யா வெட்டியிருக்கேன். உம்ம காருக்கும் உம்மள மாதிரியே கோவம் வருது."

மதினி மகனின் தோளைத் தொட்டார்கள். "அந்தச் சாவி அவன்கிட்ட இருக்கிற வரைக்கும் அவனுக்கு வீடு இருக்குய்யா. அதையும் அழிச்சிராத."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுடலைமணி பெட்டியைக் கையில் எடுத்தார்.

"பட்டனை அமுக்கட்டுமா?"

மைமூன் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க. அவரே வந்து, வேண்டாம்னு சொல்லட்டும். அழிச்சிருவோம்."

"வேற கடைக்குப் போனா அஞ்சு நிமிஷத்துல செஞ்சு குடுப்பான்."

"குடுப்பாங்க. நான் கூப்பிடாம அழிக்க மாட்டேன்."

"அவன் வர மாட்டான். பாக்கீயளா?"

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான் தம்பி.

"அண்ணே? அம்மாவுக்கு என்ன?"

ஜெபசிங் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா நல்லாத்தான் இருக்கு. காரு சாவிக் கடையில நிக்கி. உன் சாவியைக் கேக்காங்க."

"எந்தக் கடை?"

மதினி கண்ணை மூடிக்கொண்டார்கள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் பைக் வந்து நின்றது. சின்னவன் ஆசீர் ஹெல்மெட்டைக்கூடச் சரியாக வைக்கவில்லை, அது உருண்டு ஓடியது. கழுத்திலிருந்து ஒரு கயிற்றைக் கழற்றினான். சிலுவையும் கார்ச் சாவியும் சேர்ந்து தொங்கின. சாவியை மட்டும் உருவித் துணியில் வைத்தான்.

"எடுத்துக்கோங்க. நான் காரைக் கேட்டு வரல."

வேர்வை பட்டுப் பட்டு அந்தச் சாவியின் தலை வெளுத்துப்போயிருந்தது. ஜெபசிங் அதையே பார்த்தான்.

"இதை எதுக்குல கழுத்துல போட்டிருக்க?"

"பையில போட்டா தொலைச்சிருவேன்னு நீதான எப்பவும் திட்டுவ."

மைமூன் பெட்டியை எடுத்தாள்.

"அழிக்கவா, சேக்கவா?"

"சேருங்கம்மா," என்றான் ஜெபசிங்.

அவனுடைய சாவியைப் போட்டார்கள், ஓடியது. புதுச் சாவியைப் போட்டார்கள், அதுவும் ஓடியது. ஆசீரின் சாவிக்கு முறை வந்ததும் ஜெபசிங் டிரைவர் சீட்டை விட்டு இறங்கினான்.

"நீயே போடுல."

ஆசீர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு அணைந்தது. இன்ஜின் உறுமியது, நிற்காமல் உறுமியது. சுடலைமணி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பழைய பஸ் டிரைவர் பழக்கத்தில் ஹாரனை நீளமாக அமுக்கினார். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. மதினி காரைவிட்டு இறங்கி, நடுத்தெருவென்றும் பாராமல், "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று சத்தம் போட்டார்கள்.

"ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்கய்யா, நான் இங்க இருக்கேன்," என்றார்கள்.

அண்ணன் பக்கத்தில் உட்கார, தம்பி ஓட்டிக்கொண்டு போனான்.

கார் மறைந்தபிறகு சுடலைமணி மெதுவாகக் கேட்டார். "அப்பவே கேட்டேனே வாத்தியாரம்மா. திருடன் யாருன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?"

மைமூன் துணியை மடித்தாள்.

"தெரியாது அண்ணாச்சி. யார் வரலைன்னுதான் அதுக்குத் தெரியும். நாம கூப்பிடாததால வராதவனும் அதுக்குத் திருடன்தான்."

சுடலைமணி ஆறின டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கார் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று இரவு ஜெபத்தில் உங்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லும்போது, பேசாமல் இருக்கிற பிள்ளையின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆமென் சொன்ன கையோடு ஒரு போன் போடுங்கள்.